சீனி கறுக்கும் நேரம்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் நியூசிலாந்தில், ஒக்லாந்தில் சீனச் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நின்று சீனருக்கே சமைத்துப் போட்ட யாழ்ப்பாணத்தான் என்னைத் தவிர வேறு எவனாவது இருந்தால் முன்னால் வரட்டும். இதை எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்றிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கடையில் நான் கோப்பை கழுவினேன். மனைவியிடமும் மாதா கோயிலிலும் குக் என்று சொல்லி வைத்திருந்தேன். பிள்ளைகள் இருவரும் மவுண்ட் ரோஸ்கில் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். விசா முடியப் பத்துக் கிழமைதான் இருந்தது, இரண்டரை மாதங்கூட இல்லை. குக் என்று முதலாளி கடிதம் தந்தால் நீளும். இல்லையென்றால் நால்வரும் திரும்பிப் போக வேண்டும், சண்டை நடக்கிற ஊருக்கு.

கடிதம் கேட்டேன். முதலாளி என்னைப் போலவே இங்கிலீஷ் குறைந்த கிழவர். "பன்றி வயிற்றிறைச்சி, எங்கள் மாதிரி. வீட்டில் செய்து சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வா" என்றார்.

எனக்கா தெரியாது? தோலோடு சதுரமாக வெட்டி, கொதிநீரில் ஒரு கொதி விட்டு, எண்ணெயில் சீனியைக் கருக்கி, அதில் இறைச்சியைப் பிரட்டி, சோயா சோஸ் விட்டு மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம். கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றபடியே எல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

சனி காலை இறைச்சியை வெட்டி வைத்துவிட்டுச் சோஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டி முழுக்க மஞ்சள்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டினனான். பண்டி வெடுக்கு மணக்குமெல்லே?"

எங்கள் வீடுகளில் எந்த இறைச்சியும் மஞ்சள் படாமல் அடுப்புக்குப் போகாது. அவளில் பிழையில்லை. ஆனாலும் கத்தினேன். மூன்று தண்ணீரில் கழுவினேன். கொழுப்பில் ஏறிய மஞ்சள் போகவில்லை.

"ஒரு கறிக்கு இந்தக் கத்தோ? கடையில நெடுகக் காய்ச்சிறியள்தானே!"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கோப்பை, கடிதம், விசா எல்லாம் சொன்னேன்.

"கோப்பை கழுவுறது தெரியும்," என்றாள். "குக்கின்ர கையில எண்ணெய் தெறிச்ச தழும்பு இருக்கும். உங்கட விரல் ஊறி வெளுத்தெல்லோ கிடக்கு. கடிதக் கதைதான் தெரியாது. சொல்லியிருந்தா மஞ்சளைத் தொட்டிருப்பனே?"

ஓடிப்போய் வேறு இறைச்சி வாங்கி வந்தேன். அடுப்பில் தாச்சியை வைத்து எண்ணெயில் சீனியைப் போட்டேன். கருகிப் புகைந்தது.

"தள்ளுங்கோ அங்கால!"

நத்தார்ப் பண்டிகை தவறாமல் கரமல் புடிங் செய்கிறவள் அவள். சீனி உருகி, நுரைத்து, தேயிலைச் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்த நொடியில் இறைச்சியைக் கொட்டினாள். மிச்சத்தை நான் செய்தேன்.

பின்னேரம் முதலாளி கொழுப்போடு மூன்று துண்டு தின்றார்.

"சீனி யார் கருக்கினது?"

"நான்தான்" என்றேன்.

"திங்கட்கிழமை அடுப்புக்கு வா. என் கண் முன்னால் செய். சரியென்றால் கடிதம்."

ஞாயிறு நாங்கள் பூசைக்குப் போகவில்லை. அவளை அடுப்படியில் நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"எப்ப இறக்கிறது?"

"பாத்தாத் தெரியும்."

"எனக்குத் தெரியேல்லையே!"

முதல் தாச்சி கரி. இரண்டாவது கட்டிபட்டது. மூன்றாவது காஞ்சிரங்காய்க் கசப்பு. புகைக்கு அலாரம் கத்தியது. மகள் அறையிலிருந்து, "டாட், இட் ஸ்டிங்க்ஸ்!" என்றாள். மகன் யன்னலையெல்லாம் திறந்துவிட்டான். நான்காவதில் நிறம் வந்தது போலிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அதற்குள் கறுத்துவிட்டது.

"நாளைக்கு அங்க என்ர முகம் இராது," என்றாள். "சீனியைப் பாருங்கோ."

பையில் இருந்த மிச்சச் சீனியைத் தாச்சிக்குள் கொட்டிவிட்டு, வெளியே போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள்.