இருபத்தொன்பது பவன் முக்குப்பண்டம்

காயங்குளத்துப் பிரசீதாவின் கல்யாணத்தில் அவள் மேல் கிடந்தது ஐம்பத்தொரு பவன் என்று ஊரே பேசியது. அசல் தங்கம் இருபத்திரண்டுதான். மீதி இருபத்தொன்பதும் முக்குப்பண்டம், பொன்முலாமில் முக்கியெடுத்த பித்தளை. கயிற்று ஆலை மேஸ்திரியான அவள் அப்பா வாசவன் யாருக்கும் தெரியாமல் திருச்சூர் போய் வாங்கி வந்தார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மனுஷன் முலாம் பூசி மூடப் பார்த்தார்.

புருஷன் உதயன் அசல் நகையையெல்லாம் விற்று, தன் அம்மா பேரில் இருந்த மனையில் வீடு கட்டினான். மிச்சத்தையும் விற்கக் கடைக்குக் கொண்டுபோனபோது தட்டான் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரசீதாவுக்குப் பேர் முக்குப்பண்டக்காரி. ஆறு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விவாகரத்து வழக்கோடு இருபத்திரண்டு பவனையும் திருப்பிக் கேட்டாள். அது கிடைத்தால் மூன்று சென்ட் நிலமும் ஒரு அறையும் உண்டு. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் சோறு. வீட்டுப் பழைய நகையைக் கொடுத்துக் கொடுத்து அப்பா புதுசாக மாற்றி வாங்கியதால் கையில் ரசீது இல்லை. கல்யாணப் படம் மட்டும் இருந்தது.

அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டு, எது அசல், எது முக்குப்பண்டம் என்று கோர்ட்டில் அவளே சொன்னாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

அடுத்து கூண்டில் ஏறியவர் வாசவன். முந்தின நாள்தான் வக்கீல் ராதாமணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "உள்ளதச் சொன்னா போதும் சேட்டா."

உதயனின் வக்கீல் கறுத்துப்போன காசுமாலையைத் தூக்கிக் காட்டினார். "இதுதானே நீங்க மகளுக்குப் போட்டது? எல்லாமே இந்த ஜாதிதானே?"

பின்னால் சம்பந்தி வீட்டார் நாலு பேர் களுக்கென்று சிரித்தார்கள். வாசவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"இது எங்க வீட்டு நகையே இல்ல சாரே! எம் மகளுக்கு நான் பித்தளை போடல. ஐம்பத்தொரு பவன். அத்தனையும் பொன்னு!"

அடப் பாவி மனுஷா! மகள் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டாரே! பிரசீதா கண்ணை மூடிக்கொண்டாள். ராதாமணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் வாசவன் மெதுவாக வாய் திறந்தார். "அத்தன பேரு முன்னாடி எப்படி மோளே என் வாயால சொல்லுவேன்?"

"நான் சொன்னேனே அச்சா. எனக்கு மட்டும் மானம் இல்லையா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்தது, நகை இல்லை. பிரசீதா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். வாசவன் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"மோளே, நான் பொய் சொன்னேன்னு ஜட்ஜு எழுதியிருக்காரா?"

"இல்ல அச்சா," என்றாள். "நான் சொன்னதுதான் பொய்யின்னு எழுதியிருக்காரு."