பெயர் இல்லாத புக்கிங்

போன வாரம் ஒரு முகூர்த்த நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். கீழே ஏழுமலையின் சாமியானா கடை வாசலில், பக்கத்துத் தெரு ஜோசப் நின்றுகொண்டிருந்தார்.

"டைலர் தவறிட்டாருப்பா. விடியகாலம் நெஞ்சு வலின்னாராம்... ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. பந்தலுக்கும் சேருக்கும் உன்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அய்யோ" என்றார் ஏழுமலை. திரும்பி குடோனைப் பார்த்தார். காலி. ஒரு சேர்கூட இல்லை.

அப்படியே தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். வாயில் நுரையோடு நான்.

காரணம் நான்தான். சொல்கிறேன்.

திண்டிவனத்தில் நான் குடியிருப்பது ஏழுமலையின் மாடி வீட்டில். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஏழுமலைக்கும் தெரியும் — அதுதான் வம்பு.

"சார், நாள் பூரா போனு. இந்தத் தேதி ஃப்ரீயா, அந்தத் தேதி ஃப்ரீயான்னு ஒரே பேஜாரு. நீங்க ஒரு ஆப் போட்டுக் குடுங்க. அவங்களே பாத்து அவங்களே புக் பண்ணிக்கட்டும்."

வீட்டுக்காரர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

சர்வர்லெஸ் முறையில் செய்தேன். அதாவது, நமக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓட்ட வேண்டியதில்லை. யாராவது ஆப்பைத் திறந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் பெரிய கம்பெனிக்காரரின் கம்ப்யூட்டர் நமக்கு வாடகைக்கு. வேலை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எப்படி ஏழுமலைக்குப் புரியவைப்பது என்று நான் தொண்டையைக் கனைத்ததுதான் மிச்சம்.

"அட, நம்ம சேரு மாதிரி! ஒருநாள் கல்யாணத்துக்கு எவனாவது சேரு வாங்குவானா சார்?"

விளக்கம் முடிந்தது.

இதில் ஒரே ஒரு தொல்லை. யாரும் கூப்பிடாவிட்டால் அது தூங்கிவிடும். முதலில் வருகிறவர், அது எழுந்து வரும்வரை சில நொடிகள் காத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் காத்திருப்பார்களா? பட்டனை நாலு தடவை அழுத்துவார்கள். அதனால் செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று, ஆப்பின் ஒரு பிரதியை எப்போதும் விழித்திருக்க வைத்தேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

பின்னால் ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸ். பொருள்களுக்கு ஒரு அட்டவணை, வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, இரண்டையும் தேதியோடு முடிச்சுப்போடும் புக்கிங் அட்டவணை ஒன்று. ரொம்பக் கறாரான பேர்வழி. இருக்கிற சேருக்கு மேல் ஒன்றுகூடக் கொடுக்காது. பெயர் எழுதாத புக்கிங்கைச் சேர்த்துக்கொள்ளாது.

வெள்ளிக்கிழமை எதையும் டெப்ளாய் செய்யக் கூடாது, அதாவது புதிதாக எதையும் ஓடவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் மூடநம்பிக்கை. வெள்ளிக்கிழமைதான் செய்ய வேண்டும் என்பது ஏழுமலையின் நம்பிக்கை. வீட்டுக்காரர் ஜெயித்தார். அவர் மனைவி அஞ்சலை என் லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்ட, நான் பட்டனைத் தட்டினேன்.

ஆப் பிய்த்துக்கொண்டு போனது. மயிலத்தில் கல்யாணம், விழுப்புரத்தில் வரவேற்பு, கோட்டக்குப்பத்தில் நிக்காஹ்... அந்த முகூர்த்த நாளுக்கு 'ஃபுல்' என்று சிவப்பில் காட்டியது. முந்தின நாள் ஏழுமலை விழுப்புரம் மண்டபத்தில் மேடை போட்டுக்கொண்டிருந்தார். ஆப்பில் இருந்த கணக்குப்படி அவருடைய ஆட்களே லோடு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒன்று விடாமல்.

அந்த 'ஒன்று விடாமல்'தான் வினை.

ஏழுமலையின் குடோனில் ஒரு மூலை உண்டு. அங்கே இருக்கும் பந்தலும் சேர்களும் எந்தக் கல்யாணத்துக்கும் போகாது. எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் போகாது. அவை சாவு வீட்டுக்கு. சாவுக்கு யாரும் முன்கூட்டியே புக் செய்வதில்லையே! சாவு என்று வந்து நின்றவரை அந்தக் கடை ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஏழுமலைக்கு ஊரில் இருக்கும் பேரே அதுதான்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையாம். நானும் "மொத்தம் எத்தனை சேர்?" என்று மட்டும்தான் கேட்டேன். மொத்தத்தைச் சொன்னார். நிகழ்ச்சிப் பட்டியலில் திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் எல்லாம் போட்டேன், சாவைப் போடவில்லை. ஆப்பில் ஒரு பிரதி சும்மா விழித்திருக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு, குடோனில் கொஞ்சம் சேர் சும்மா இருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டுக் கீழே ஓடினேன்.

"பக்கத்து மண்டபத்துலேருந்து கொஞ்சம் எடுத்துட்டு வந்துடலாமா?"

"கல்யாணத்துல போட்ட சேரைத் தூக்கிக்கினு சாவுக்குப் போறதா? பொண்ணு வீட்டுக்காரங்க நம்மள சும்மா விடுவாங்களா சார்?" ஏழுமலையின் குரல் உடைந்தது. "எங்கிட்ட இருக்கற பந்தல் துணி பூரா டைலர் தெச்சது. ஊருக்கெல்லாம் நெழல் தெச்சவரு வாசல்ல வெய்யில் அடிக்கணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றார். "சாதிக் பாய் கடைக்கு."

சாதிக் பாய், ஊரில் இருக்கும் இன்னொரு சாமியானா கடைக்காரர். ஒரு மண்டப கான்ட்ராக்ட் தகராறில் இவருக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரெதிரே வந்தால் ஒருவர் செல்போனைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

கடை வந்தது. ஏழுமலை ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. "நீங்களே கேளுங்க" என்றார். நான் போய், "பாய், ஒரு சாவு..." என்று ஆரம்பித்தேன். பாய் என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார்.

"யாரு?"

"டைலர்" என்றார் ஏழுமலை.

"அடக் கடவுளே! எனக்கும் அவருதானேய்யா தெப்பாரு..." பாய் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், அந்த மூலையில கிடக்கறதை ஜல்தியா வண்டியில ஏத்துங்க!"

அங்கேயும் ஒரு மூலை இருந்தது.

"ஏழுமல, கயிறு இருக்குதா?"

"இருக்குது பாய்."

பகை கயிறு விசாரிப்பில் முடிந்தது. வெயில் ஏறுவதற்குள் டைலர் வாசலில் நிழல் விழுந்துவிட்டது. பாயின் பந்தல் துணியும் அவர் தைத்ததுதான்.

மறுநாள் ஆப்பைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில், புக் செய்தவர்களுக்கெல்லாம் தானாகப் போகும் 'மீண்டும் வருக' மெசேஜை நிறுத்தினேன். சாவு வீட்டுக்கு அது போயிருந்தால் என் கதி என்ன?

அடுத்தது மூலை. மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம் என்றேன். ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணுல தெரியணும் சார். தெரியலன்னா எங்க ஆளுங்க ஏத்திக்கினு போயிடுவானுங்க." சரி, தினமும் தானாகவே ஒரு புக்கிங் விழுந்து அந்த மூலையைப் பிடித்துவைக்கும்படி செய்தேன்.

டேட்டாபேஸ் கேட்டது: வாடிக்கையாளர் பெயர்?

"என் பேரைப் போட்டுக்குங்க" என்றார் ஏழுமலை. அஞ்சலை உள்ளேயிருந்து ஓடிவந்தார். "வாயக் கழுவுய்யா! சாவுப் பந்தலுக்கு உன் பேரா?"

என் பெயரைப் போடலாமா? என் மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது. சும்மா ஓர் எழுத்து? எந்த எழுத்தைப் போட்டாலும் அது யாரோ ஒருவருடைய இனிஷியல்.

கடைசியில் பெயர் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தையே எடுத்துவிட்டேன். நாளுக்கு ஒரு புக்கிங், பெயர் இல்லாமல். ஊரில் யாராவது தவறினால் மட்டும் ஏழுமலை அதில் பெயர் எழுதுவார்.

இப்போதெல்லாம் பல் தேய்க்கும்போது போனில் அந்தப் பெயர்க் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்று காலையும் காலி... நிம்மதியாக வாய் கொப்பளித்தேன்.