விடியுமுன் அடிக்கும் போன்

வேலை நேரம் முடிந்தபின் யாரும் யாருக்கும் மெயில் அனுப்பக் கூடாது, அவசரம் என்றால் மட்டும் போனில் கூப்பிடலாம் என்று சென்னையிலிருக்கும் எங்கள் மானேஜர் உத்தரவு போட்டார். மீன் ஏற்றுமதிக் கம்பெனி எங்களுடையது. விடியற்காலையில் போட்டுகள் கரை சேரும்போதே கணக்குக் கேட்டு மெயில்கள் வந்து குவியும். அதனால் ராமேஸ்வரம் கிளையில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த உத்தரவு பிடிக்கவில்லை.

மெயில் சத்தமில்லாமல் வந்து கிடக்கும். பல் விளக்கிவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். போன் அப்படியா? உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் விடியுமுன் போன் அடித்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். கல்யாணம் முடிவான சேதியைக்கூட வெயில் ஏறிய பிறகுதான் சொல்வார்கள். அந்த மாதம் அம்மா மதுரையில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். துணைக்கு அக்கா இருந்தாள். வீட்டில் நானும் அய்யாவும். போனை அணைத்து வைக்கவும் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு விலகுமுன்பே போன் அலறியது. நான் கையை நீட்டுவதற்குள் அய்யா எழுந்து, மதுரைக்குக் கிளம்புகிறவராக, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். கூப்பிட்டது மானேஜர். மெயில் போட்டால் விதிமீறலாகிவிடும், அதனால்தான் போன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முந்தின நாள் வந்த இறால் எத்தனை கிலோ என்றார். அவ்வளவு மரியாதையான மனிதர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆபீஸ்தான் என்று அய்யாவிடம் சொன்னேன். அவர் துண்டைக் கொடியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றே மானேஜருக்கு எழுதலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை மெயிலும் விதிமீறல். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் வீட்டு நிலைமையைச் சொல்லி, எனக்கு மட்டும் எந்நேரமானாலும் மெயிலே போடுங்கள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, இது வேலைக்கே உலை வைக்குமோ என்று பயமாக இருந்தது. சரி, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இனிமேல் ஆபீஸ் போன் வராது என்று அய்யாவிடம் பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி அந்நேரத்தில் போன் அடித்தால் அது ஆபீஸாக இருக்காது.

அந்த வாரமே அடித்தது. அய்யா துண்டை எடுத்துவிட்டார். எனக்குத்தான் கை போகவில்லை.

"எடுய்யா," என்றார்.

அக்காதான். அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டாவது முறை சொன்னபோதுதான் விளங்கியது.

"அம்மா கண்ணு முழிச்சிருச்சுடா. அய்யா மாத்திரை போட்டாரான்னு கேக்குது."

போனை அய்யாவின் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு, அந்தத் துண்டாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நன்றாக விடிந்த பிறகு துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இந்தச் சேதிய ஒங்கக்கா மெயில்ல போடக் கூடாதாய்யா?"