தாம்பாளத்துக்கு அடியில் வைத்த சாம்பல் அட்டை

காதுகுத்து அன்று என் மகள் என்ன நிறத்தில் இருந்தாள்? பெற்றவள் நான். அன்று முழுக்க அவள் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே காட்சி மூன்று ஃபோல்டர்களில் இருக்கிறது. மூன்றிலும் அவள் மூன்று நிறம்.

எல்லாம் புதுக் கேமராவால் வந்தது. என் கணவருக்கு உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் அலுவலக வேலை. கேமரா அவருக்கு ஆசை, அவ்வளவுதான். பல மாதம் விசாரித்து, சினிமாக்காரர்கள் வைத்திருப்பதற்கு அடுத்த படி என்று ஒன்றை வாங்கினார். அதில் 'லாக்' என்று ஒரு முறை உண்டு. செல்போன் மாதிரி அது தானாக நிறம் கூட்டித் தராது. வெயிலில் உள்ளது, நிழலில் உள்ளது என எல்லா விவரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் சாம்பல் பூத்தது போல வெளிறக் கொடுக்கும். நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் நாம்தான் ஏற்ற வேண்டும். "அப்புறம் நம்ம இஷ்டத்துக்கு எப்படி வேணா மாத்திக்கலாம்" என்றார். நல்லதாகத்தான் பட்டது. யாருடைய இஷ்டத்துக்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

காதுகுத்து கடமலைக்குண்டு பக்கம், எங்கள் குலதெய்வக் கோயிலில். மூன்று வயது மகளுக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். தாய்மாமன் என்றால் என் அண்ணன். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஒரு நாள் லீவில் வந்திருந்தார். நல்ல கருப்பு. மகள் அப்படியே அவரை உரித்து வைத்த மாதிரி இருப்பாள். தலைக்கு மேலே மஞ்சள் சாமியானா.

என் கணவர் ஒரு சாம்பல் நிற அட்டையை என்னிடம் கொடுத்து, மகள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் அட்டை எப்படிப் பதிகிறதோ, அதை வைத்துத்தான் பிறகு மற்ற நிறங்களைச் சரி செய்வார்களாம். சில நொடிகள் போதும். நான் நீட்டுவதற்குள் என் மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, என்ன அது?"

"கலருக்கும்மா. ஒரு நிமிசம்."

"நல்ல நேரத்துல பிள்ளை மொகத்துக்கு முன்னாடி சாம்பக் கலரையா நீட்டுவாக? மஞ்சளு செவப்புன்னு வேற அட்டையே கெடைக்கலையா ஒனக்கு?"

"அம்மா, அது சாம்பலாத்தான் இருக்கணும்."

"ஏன், கருமாதிக்கா வந்திருக்கோம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அதை அங்கன வையி."

வைத்தேன். தேங்காய் பழத் தாம்பாளத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாதபடி. அவர் சொன்னதைக் கேட்டது தப்பா, கணவர் சொன்னதைக் கேட்காதது தப்பா என்று யோசிப்பதற்குள் ஆசாரி குத்திவிட்டார். மகள் வீறிட்டாள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தேன். உதடெல்லாம் வெளிறி, உடம்பில் ரத்தமே இல்லாதவள் போல இருந்தாள். லாக் என்று தெரியும். தெரிந்தும் மறுநாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்கா. எதை வச்சு ரத்தம் இல்லைங்கறீங்க?" வீடியோவை வைத்து என்று சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நிறம் ஏற்றும் வேலை. "அட்டை இருந்திருந்தா அஞ்சு நிமிசம். இப்பப் போயி காட்டி என்ன செய்ய, அந்த வெயிலும் போச்சு, சாமியானாவும் போச்சு. நீதான பெத்தவ, நீயே சொல்லு" என்றார் கணவர். மஞ்சளைக் குறைத்தால் பிள்ளை நீலம் பாய்ந்தாள். சந்தனத்தைச் சரி செய்தால் என் பச்சைப் புடவை பாசி நிறமாயிற்று. மகளையே கூட்டிவந்து திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஜன்னல் ஓரம் ஒரு நிறம், டியூப்லைட்டில் ஒரு நிறம். "இதான் சரி" என்பேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் சரியாக இருக்காது. இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் ஒன்றை ஒப்புக்கொண்டேன். நிறம் ஏற்றாத சாம்பல் மூலப்படம் முதல் ஃபோல்டர், நான் ஒப்புக்கொண்டது இரண்டாவது.

மூன்றாவது எனக்குத் தெரியாமல் உருவானது. மாமியார் கேட்டாராம், மகன் செய்து கொடுத்துவிட்டார். இப்போதைய சாஃப்ட்வேர் ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எங்கே திரும்பினாலும் கூடவே போய் வெளுக்கிறது. அண்ணன் அதே கருப்பில் இருக்கிறார். அவர் மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ போல ஒரு சிவந்த குழந்தை அழுகிறது.

"நாலு பேரு பாக்குறது. கொஞ்சம் வெளுப்பா இருந்தா என்னத்தா கெட்டுப்போச்சு?" என்றார் மாமியார்.

"அண்ணன் பாத்தா என்ன நெனைக்கும், அத்தை?"

"நெனைக்க என்ன இருக்கு? அவுகளையும் வேணா வெளுத்துவிடச் சொல்றேன்."

அண்ணனுக்கு அதை அனுப்பினேன். போனில் சிரித்தார். "மடி என்னோடது. பிள்ளை யாரோடது? ஆள மாத்திட்டீகளா?" சிரித்து முடித்ததும் பிள்ளையைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை. "சரித்தா, இங்கன மழை" என்று வைத்துவிட்டார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். போன வாரம் மகள் கம்ப்யூட்டர் முன்னால் நின்று நான் ஒப்புக்கொண்ட படத்தையும் பாட்டி கேட்டு வாங்கிய படத்தையும் பார்த்தாள். வெளுத்ததைத் தொட்டு, "இந்தப் பாப்பாதான் அழகு" என்றாள்.

"அது நீதான்டா."

மற்றதைக் காட்டினாள். "அப்ப இது?"

இதுதான் நிஜமான நீ என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதுவும் நான் தடுமாறித் தடுமாறிப் பிடித்த நிறம்தானே? அவள் வெளுத்ததையே மறுபடி போடச் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் வீடியோ கேட்கிறார்கள். மூலப்படம் இடத்தை அடைக்கிறது, ஒன்றைச் சொல், மற்றதை அழித்துவிடுகிறேன் என்கிறார் கணவர். பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அட்டை காட்டாமல் எடுத்த படத்தில் உண்மை நிறத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? வந்தவர்கள் செல்போனில் எடுத்ததோடு ஒப்பிடலாமா, இல்லை அதுவும் தானாக வெளுத்ததுதானா? மாமியார் மனம் கோணாமல் மூன்றாவதை அழிக்க முடியுமா? பெண் பிள்ளை வளர்த்தவர்கள் இதையும் சொல்லுங்கள்: எந்தப் பாப்பா அழகு என்று அவள் அடுத்த முறை என்னையே கேட்டால், எந்தப் படத்தையும் காட்டாமல் நான் என்ன பதில் சொல்லட்டும்?