நிற்க வேண்டிய குதிரை

என் கணவர் என்னோடு கடைவீதிக்குக்கூட நடந்து வந்ததில்லை. ஆனால் குதிரையோடு நடப்பார். காலையில் ஒரு நடை, வெயில் தாழ ஒரு நடை. முதலமடையில் எங்கள் மாந்தோப்பின் வண்டித்தடம் முழுக்க அவர் செருப்பும் அதன் லாடமும்தான் பதிந்து கிடக்கும். கோயில் திருவிழாவில் குதிரை ஓட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காக வாங்கிய பெட்டைக் குதிரை அது. அதை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், பெண்களைச் செல்லமாய்க் கூப்பிடுகிற அந்த வார்த்தை என் பக்கம் திரும்பியதே இல்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

அந்த வருடம் காய்ப்பு பலமாக இருந்தது. கிளை முறியாமலிருக்க மரத்துக்கு மரம் கவைக்கம்பு முட்டுக் கொடுத்திருந்தோம். காய் ஏற்ற வந்த லாரி திடீரென்று ஹாரன் அடித்ததும் குதிரை மிரண்டு தோப்புக்குள் பாய்ந்தது. சரிந்து நின்ற ஒரு கம்பின் நுனி அதன் முன்னங்காலின் அக்குளுக்குள் இறங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுதான் காயம். ரத்தமும் அதிகமில்லை. கழுவி மருந்து வைத்தோம், ஊரில் மாடுகளுக்கு ஊசி போடுகிற ஆள் வந்து ஒரு ஊசி போட்டுப் போனார். அந்த இடத்தில் கட்டு நிற்காது என்று காயத்தைத் திறந்தபடியே விட்டோம்.

மறுநாள் தோள் வீங்கியது.

"நீர் கோத்திருக்குது. நடந்தா எறங்கிரும்" என்றார் அவர்.

குதிரை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு எல்லா நோவுக்கும் ஒரே வைத்தியம்தான். வயிறு வலித்தால் நடத்துவார்கள், கால் வீங்கினால் நடத்துவார்கள். அவரும் நடத்தினார். வீக்கம் கழுத்துக்கு ஏறியது. அமுக்கினால் பொரி மூட்டையை அமுக்கினாற்போல் நறநறவென்றது.

"ஏனுங்க, தண்ணி எங்கயாச்சும் நறநறங்குமா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன தெரியும், போ."

பிறகு அது தீனியைத் தொடவில்லை. மூக்கு விரிய, விலாவும் வயிறும் ஏறி இறங்க, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. வேர்த்துக் கொட்டியது. வயிற்றுவலி என்று முடிவு கட்டி அவர் மறுபடியும் கயிற்றைக் கையில் எடுத்தார். நான் அவரிடம் கேட்காமலே மிருக டாக்டருக்குப் போன் செய்தேன்.

வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வந்ததும் குதிரையைத் தொடவில்லை. தள்ளி நின்று மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நாவல்பழம் தின்ற வாய்போல் நீலம் பாரித்திருந்தது.

"அண்ணா, ஒரேயொரு அடி எடுத்து வெக்கச் சொல்லுங்க."

குதிரை ஒரு அடி வைத்தது. அக்குளிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. இத்தனை நாளும் லாடச் சத்தத்தில் எங்கள் காதில் விழாத சத்தம்.

"கால் எடுக்கும்போது காயம் காத்தை உள்ள இழுக்குது. ஊனும்போது அந்தக் காத்து வெளிய வராம தோலுக்கடியில மேல மேல போயி, கழுத்து வழியா நெஞ்சுக்குள்ள எறங்குது. சைக்கிள் பம்பு மாதிரி. நடத்தினீங்களா?"

"ரெண்டு வேளையும்" என்றார் அவர். அதைச் சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

டாக்டர் விலாவில் குழலை வைத்துக் கேட்டார். என் காதிலும் மாட்டிவிட்டார். கீழ்ப்பக்கம் மூச்சு இரைந்தது. முதுகெலும்பை ஒட்டி மேலே வைத்தால் ஒன்றுமேயில்லை. விரலால் தட்டினால் அங்கே மட்டும் காலிக் குடம்போல் ஒலித்தது. பிறகு முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, கையடக்க ஸ்கேன் கருவியை வைத்தார். விலா எலும்புக்கு உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நுரையீரல் விரிந்திருந்தால் அந்தக் கோடு ஒவ்வொரு மூச்சுக்கும் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டுமாம். மேலே அது அசையவே இல்லை. கருவியைக் கீழே கீழே இறக்கி, கோடு எந்த இடத்தில் அசையத் தொடங்குகிறது என்று தேடினார். அதுவரைக்கும் காற்று, அதற்குக் கீழேதான் சுருங்கின நுரையீரல். மறுபக்கம் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான். குதிரைகளில் பலவற்றுக்கு நெஞ்சின் நடுத்தடுப்பில் ஓட்டை இருக்குமாம். ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கமும் போய் இரண்டு நுரையீரலையும் அமுக்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது. வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் காலை மாற்றி மாற்றி வைக்கும், போய்ச் சேராது என்றார் டாக்டர். அங்கேயே மரத்துப்போக ஊசி போட்டு, மேல் விலா இடுக்கில் குழாய் செருகி, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி உறிஞ்சி வெளியே தள்ளினார். என் கண்ணெதிரே ஈறில் நிறம் திரும்பியது. நான் வாய்விட்டு அழுதேன்.

காயத்தைத் துணி திணித்து அடைத்துத் தைத்தார். இருபுறமும் கயிறு போட்டு, வாய்க்கு எட்ட வைக்கோலும் தண்ணீரும் வைத்தோம்.

"ஒரு அடிகூட நகரக் கூடாது. நின்னா பொழைக்கும்."

அவர் தாங்கமாட்டாமல், "அம்மிணி" என்றார். குதிரை அவரைப் பார்த்து அடியெடுத்து வைத்தது. தையல் பிரிந்தது. ஸ்ஸ்.

"நீங்க இங்க நிக்கக் கூடாதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மறுபடியும் தைத்தார்.

என் கணவர் காய் தரம் பிரிக்கிற ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் இருமினாலே இதற்குக் காது திரும்பியது, கால் எழுந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்க ஆசை அதைக் கொன்னுபோடும், போங்க!" என்று கத்தினேன். கொழிஞ்சாம்பாறையில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். சத்தம் கேட்டு அது கால் எடுத்துவிடக் கூடாதென்று பைக்கைக்கூடத் தார் ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போனார்.

அங்கிருந்து போன் மேல் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"நிக்குதா?"

"நிக்குதுங்க."

"கேக்குதா என்னைய?"

"இல்லீங்க" என்பேன். அது வண்டித்தடத்தைப் பார்த்தபடியேதான் நிற்கும்.

டாக்டர் தினமும் வந்து காற்றை எடுத்தார். அசைகிற கோடு கொஞ்சம் மேலே ஏறும், மறுநாள் இறங்கிவிடும். அது ஏறின நாட்களில் எனக்குச் சோறு இறங்கியது. பிறகு காய்ச்சல் அடித்தது. கீழ்ப்பக்கமும் மூச்சுச் சத்தம் குறைந்தது. ஸ்கேனில் கருப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய் வைத்தால் நாற்றத்தோடு சீழும் சலமுமாக வந்தது. எல்லா மருந்தும் கொடுத்தார். நான் வேண்டாத சாமியில்லை. மேலே காற்று, கீழே சலம், நடுவில் நுரையீரல் எங்கே விரியும்?

ஒரு காலையில் டாக்டர் கருவியை அணைத்துவிட்டு வெகுநேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அக்கா, இனி இதை வேதனைப்பட விடக் கூடாது. ஊசி போட்டு அனுப்பிரலாம், அண்ணனை வரச் சொல்லுங்க" என்றார்.

போனை எடுத்ததும் அவர் கேட்டார். "நிக்குதா?"

எனக்கு நிக்குதுங்க என்று சொல்லிப் பழகிய வாய். 

"வாங்க" என்றேன்.

 அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

நான் இரண்டு கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். டாக்டர் தடுக்கவில்லை. தார் ரோட்டில் பைக் சத்தம் கேட்டதும் குதிரையின் காது நிமிர்ந்தது. அவர் பைக்கைத் தோப்பு வாசலிலேயே போட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடக்க, வண்டித்தடத்தில் ஓடி வந்தார். வரும்போதே கையை நீட்டி, "நில்லு அம்மிணி, அங்கயே நில்லு, நான் வாறேன்" என்று கத்தினார்.

அது நிற்கவில்லை. அவரைப் பார்த்து நடந்தது.