சருகு ஒதுக்கிய மரத்தடி

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "முந்தின நாள் எவ்வளவு குடிச்சீங்க?" என்றுதான். ஒரு சொட்டுகூட இல்லை. நானும் ராய்ஸும் குடித்தது ஒரு பிளாஸ்க் காபி. தூக்கமும் கெடவில்லை, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். இது நடுராத்திரியிலும் நடக்கவில்லை. விடிந்து, பறவைகள் கத்தி, காட்டுப்பூவின் நிறம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டதையும்.

என் பெயர் வெண்டெல் டீக். மிசௌரியில், ஓசார்க் மலைப்பக்கம், ஒரு மர அறுவை ஆலையில் வேலை. ராய்ஸ் ஹேட்சரும் அங்கேதான். ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்கு அனுமதி திறக்கிற முதல் நாள் நாங்கள் இருவரும் ஒன்றாகக் காட்டில் இருப்போம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

அந்த வருஷம் மட்டும் எனக்குப் போக மனமில்லை. ஆலையில் ஃபோர்மேன் வேலை காலியாகியிருந்தது. எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்கு முதுகுல ஏதோ கோளாறாமே?" என்றார். என் முதுகுவலி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று என் மனைவி. இன்னொன்று ராய்ஸ். பத்து நாள் கழித்து ராய்ஸ் ஃபோர்மேன் ஆனான்.

நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை.

வேட்டை நாள் காலை நாலு இருபதுக்கு ராய்ஸ் என் பிக்கப் வண்டியில் ஏறினான்.

"என்னடா, மூஞ்சிய உம்முனு வச்சிருக்க?"

"தூக்கம்."

"போன வருஷம் உன் வான்கோழிச் சேவல நான் அடிச்சிட்டேன்னு இன்னுமா கோவம்?"

"அது என் சேவல்னு இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்று போன இடம் எங்களுக்குப் புதிது. ராய்ஸின் சகலை குளிர்காலத்தில்தான் வாங்கியிருந்தார். பிக்கட் பள்ளம் என்று பெயர். முன்பு யாருடைய நிலம், ஏன் விற்றார்கள் என்றெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. வான்கோழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டோம்.

நாலு ஐம்பத்தைந்துக்கு வண்டியை நிறுத்தினோம். ஓடையைத் தாண்டி மேடேறினோம். ராய்ஸ் மேட்டின் கிழக்குச் சரிவில் உட்காருவது, நான் மேற்குச் சரிவில். நடுவில் இருநூற்றைம்பது தப்படி தூரம் இருக்கும். வழக்கமான விதிகளை வழக்கம்போலச் சொல்லிக்கொண்டோம். எட்டு மணி வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தே ஆகவேண்டுமென்றால் சீட்டி அடிக்க வேண்டும். பெட்டைக் கோழிச் சத்தம் கேட்டால் அதை நோக்கி ஒருபோதும் போகக் கூடாது.

வேட்டைக்குப் போகாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். வசந்த காலத்தில் நாங்கள் வான்கோழியைத் தேடிப் போவதில்லை. மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, பெட்டை மாதிரி சத்தம் கொடுத்துச் சேவலை வரவழைப்போம். என்னிடம் இருப்பது கையடக்க மரப்பெட்டி. மூடியை உரசினால் பெட்டை கூப்பிடும். ராய்ஸிடம் அதே சத்தத்துக்கு ஒரு சிலேட்டு வில்லையும் உரசுகிற குச்சியும். எதுவானாலும் இரண்டு கையும் வேண்டும். உடம்பெல்லாம் இலைக்கோலம் போட்ட துணி, முகத்தில் வலை. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் மேலே இருக்கவே கூடாது. சேவலின் தலை அந்த நிறம். புதருக்குள் அந்த நிறம் தெரிந்தால் இன்னொருவன் சுட்டுவிடுவான்.

நான் ஒரு ஓக் மரத்தடியில் சருகையெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். சருகு ஒதுக்காவிட்டால் அசைகிறபோது சத்தம் போடும்.

ஐந்து முப்பத்தெட்டு. சேவல் எங்கே இருக்கிறதென்று அறிய, கையைக் குவித்து ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தேன்; ஆந்தைக் குரலுக்குச் சேவல் பதில் கொடுக்கும். மேட்டு உச்சியிலிருந்து உடனே பதில் வந்தது.

களகளகளகள...

நல்ல சேவல். பெரிய சேவல். எனக்கும் ராய்ஸுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே. பெட்டியை மூன்று தடவை மெல்ல உரசினேன். சேவல் திரும்பத் திரும்பப் பதில் சொன்னது. ஆறு எட்டுக்கு அது மரத்திலிருந்து இறங்குகிற இறக்கைச் சத்தம் கேட்டது. துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்தேன்.

அப்போது பெட்டை கூப்பிட்டது.

க்யோக்... க்யோக்... க்யோக்... க்யோ...க்.

நாலு குரல். கடைசிக் குரல் மட்டும் இழுபட்டது. நிஜப் பெட்டை அப்படி இழுக்காது. ஆள்தான். சத்தம் ராய்ஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நகர்ந்துவிட்டான். சீட்டிகூட அடிக்காமல் நகர்ந்துவிட்டான். என் வேலையை எடுத்துக்கொண்டான், இப்போது என் சேவலையும் எடுக்கப் பார்க்கிறான்.

ஆறு பதினேழு. மறுபடி நாலு குரல்.

சேவல் பதில் சொல்லவில்லை. குருவிகளும் நின்றுவிட்டிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை. ஓடைச் சத்தம் மட்டும்.

அடுத்த நிமிஷம் சேவல் வந்தது. நடந்து வரவில்லை, ஓடி வந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, என்னிடமிருந்து பத்தடி தள்ளி, என்னைப் பார்த்தும் விலகாமல் ஓடிப் பள்ளத்தில் மறைந்தது. சுடத் தோன்றவே இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் மனிதனைப் பார்த்து ஓடும் சேவலைப் பார்த்திருக்கிறேன். நாயைப் பார்த்து ஓடும் சேவலைப் பார்த்திருக்கிறேன். பெட்டைக் குரலுக்குப் பயந்து ஓடும் சேவலை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் இன்னொரு சத்தம்.

சரக்... சரக்... சரக்...

யாரோ காலால் சருகை ஒதுக்குகிறார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

அவ்வளவு தைரியமா? எனக்குக் கேட்கும் என்று தெரிந்தேவா? பெட்டியை மரத்தடியிலேயே வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு தவழ ஆரம்பித்தேன். விதியை நானே மீறினேன். கையும் களவுமாகப் பிடித்து, முதுகுவலி விஷயத்தையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

ஆறு முப்பத்தொன்று. க்யோக்... க்யோக்... க்யோக்... க்யோ...க்.

நாற்பது அடி இருக்கும்.

புதருக்கு அப்பால் ஏதோ அசைந்தது. சிவப்பு. அதன்மேல் நீலம். உச்சியில் வெள்ளை.

சேவலின் தலை.

ஓடிப்போனது வேறு, இது வேறு என்று நினைத்தேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்தது. சேஃப்டியைத் தள்ளினேன். விரல் விசையில்.

எங்கள் ஊரில் வசந்த காலத்தில் தாடி உள்ள கோழியைத்தான் சுடலாம். நெஞ்சிலிருந்து தொங்குகிற அந்தக் கறுப்பு முடியைப் பார்க்காமல் நான் சுட்டதே இல்லை. அதற்காகக் காத்திருந்தேன். ஒரு மூச்சு நேரம்.

தாடி இல்லை.

ஒரு ஜிப் மின்னியது.

ராய்ஸ்!

முழங்காலிட்டு இருந்தான். அவன் துப்பாக்கி என் முகத்தைப் பார்த்து நீட்டியிருந்தது. வலைக்குப் பின்னால் அவன் கண் மட்டும் தெரிந்தது. அது விரிந்தது. அவனும் அந்த நிமிஷம்தான் என்னைப் பார்க்கிறான்.

அவன்மேல் சிவப்பு இல்லை. நீலம் இல்லை. வெள்ளை இல்லை.

இரண்டு பேரும் அசையவில்லை. அவன் இரண்டு கையும் துப்பாக்கியில். என் இரண்டு கையும் துப்பாக்கியில்.

அப்போது...

க்யோக்... க்யோக்... க்யோக்...

எங்கள் நடுவில் ஒரு ஓக் மரம். அதனடியில்.

க்யோ...க்.

யாரும் இல்லை.

ராய்ஸ்தான் முதலில் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"நீதானடா கூப்பிட்ட?"

"நீ இல்லையா?"

"நான் சிலேட்ட வெளியவே எடுக்கலடா. நீ நகந்து வந்துட்டேன்னு நெனச்சேன். கடுப்புல வந்தேன். அப்புறம்... செவப்புத் தல ஒண்ணு தெரிஞ்சுது."

"எங்க?"

என் கழுத்தைக் காட்டினான்.

மரத்தடிக்குப் போனோம். சருகு சுத்தமாக ஒதுக்கியிருந்தது. கறுப்பு மண், ஈரம் மின்னியது. முந்தின நாள் மழை. மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. என் பூட்ஸ் பதிந்தது. ராய்ஸின் பூட்ஸ் பதிந்தது. வேறு ஒரு தடமும் இல்லை. மனிதத் தடமும் இல்லை, கோழித் தடமும் இல்லை.

"எவனோ திருட்டு வேட்டைக்காரன்" என்றான் ராய்ஸ். குரலில் நம்பிக்கை இல்லை.

"பறந்தா போனான்?"

அவன் பதில் சொல்வதற்குள் என் முதுகுப்பக்கம் கேட்டது.

கீச்...

மூடி உரசுகிற சத்தம்.

நான் முதலில் உட்கார்ந்த மரத்தடி. என் பெட்டியை விட்டுவந்த இடம்.

நாலு குரல். கடைசிக் குரல் இழுபட்டது.

"வெண்டெல்... ஓடாத. ஓடாம நட."

நடந்தோம். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடைக்கு வந்தபோது மறுபடி கேட்டது, இன்னும் பக்கத்தில். அதற்கப்புறம் ஓடினோம்.

ஏழு பத்துக்கு வண்டியில் இருந்தோம். பெட்டியை எடுக்க நான் இதுவரை போகவில்லை.

நெடுஞ்சாலை வந்ததும் ராய்ஸ் சொன்னான்.

"உன் முதுகு விஷயத்த நான்தான்டா சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன்."

"தெரியும்."

"சுட்டிருப்பியா?"

"உன்னையா? இல்ல. அந்தத் தலைய சுட்டிருப்பேன்."

"நானும்தான்" என்றான். வலையைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் வண்டியை ஓரம் கட்டவில்லை. இன்னும் தூரம் போகவேண்டும் போல இருந்தது.

பகல் வெளிச்சத்தில், சாலையோரக் கடையில் ஆளுக்கொரு தட்டு மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் உள்ளே போன பிறகு, திருட்டு வேட்டைக்காரன்தான் என்று ஒருவரையொருவர் நம்பவைத்துக்கொண்டோம். புகார் கொடுக்கலாம் என்று வனவிலங்கு அதிகாரி வீட்டுக்குப் போனோம். ஹார்லன் ஸ்டூப்ஸ் என்று பெயர். அந்த வட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அந்தக் கோடையில் ஓய்வு பெற இருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார். பிக்கட் பள்ளம் என்றதும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திருடன் எப்படி இருந்தான் என்று அவர் கேட்கவில்லை. என்ன உயரம், என்ன வண்டி, எதுவும் கேட்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் குறி பாத்தீங்களா?"

நாங்கள் இதைச் சொல்லவே இல்லை.

ராய்ஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

"உங்களுக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமா தம்பி?"

நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் பெருமூச்சு விட்டார்.

"எண்பத்தேழுல அங்க ஒருத்தர் செத்தாரு. ரெண்டாயிரத்து மூணுல இன்னொருத்தர். ரெண்டு தடவையும் கூடப் போன ஆள்தான் சுட்டது. சுட்ட ரெண்டு பேருமே செவப்புத் தலையப் பாத்தேன்னு சத்தியம் பண்ணாங்க. நடுவுல மூணாவது ஆள் ஒருத்தன் கூப்பிட்டான்னும் சொன்னாங்க. நாய விட்டுத் தேடினோம். ஒரு தடம் கெடைக்கல."

"சுட்டவங்க?" என்றேன்.

"ரெண்டாயிரத்து மூணுல சுட்டவர் ஊர விட்டே போயிட்டார். எண்பத்தேழுல சுட்டவர் பேரு கிளெட்டஸ். செத்தது அவரோட சித்தப்பா பையன். விபத்துன்னு விட்டுட்டாங்க. துப்பாக்கியத் தொடக் கூடாதுன்னு மட்டும் உத்தரவு. ஆனா அவரு வருஷா வருஷம் ஏப்ரல்ல வெறுங்கையோட அங்க போவாரு. அந்த மூணாவது ஆளக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்னு சொல்வாரு. தொண்ணூத்தி நாலுல போனவரு திரும்பல. அஞ்சு நாள் கழிச்சு நான்தான் பாத்தேன்."

"எங்க?"

"நீங்க சொன்னீங்களே, சருகு ஒதுக்கின ஓக் மரம், அதனடியிலதான். சாஞ்சு உக்காந்திருந்தாரு. உடம்புல ஒரு கீறல் இல்ல. மாரடைப்புன்னு டாக்டர் எழுதினாரு. இருக்கலாம்."

சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏப்ரல்ல ஓக் பூ எப்பிடிக் கொட்டும்னு உங்களுக்குத் தெரியும். அஞ்சு நாள் காத்து. அவரு தொப்பி, தோளு, மடி எல்லாம் மஞ்சளா மூடியிருந்துச்சு. சுத்தியும் தரையே தெரியல. அவரு மரத்துல நடுவா சாஞ்சு உக்காரல, தம்பி. ஒரு ஓரமா ஒதுங்கி உக்காந்திருந்தாரு. அவருக்குப் பக்கத்துல, இன்னொரு ஆள் உக்கார்ற அளவுக்கு எடம்..."

கையால் அகலம் காட்டினார்.

"அதுல மட்டும் ஒரு பூகூட விழல."