புதூர்நாட்டு மேடைக்கு ஒரு மிடி கேபிள்

கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் இருந்தாலும் அவருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வரலாற்று விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சார விஷயங்களில் நான் சொல்வதைத் தெரிந்தவர்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கடந்த வைகாசியில் என் பழைய சக ஆசிரியர் சின்னசாமியின் மகனுக்குப் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் திருமணம். சின்னசாமி அந்த மலைக்காரர். முதல் நாள் மாலை வரவேற்பில் நான் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். ஓய்வுக்குப் பிறகு கிடார் கற்றுக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பேன். மேடை ஏறியதே இல்லை. பழைய கல்லூரி நண்பர்களும் வருகிறார்கள் என்றார். அவர்கள் முன்னால் தடுமாறினால் அதற்குப் பிறகு கிடாரைத் தொடுவேனா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது.

நான் தேர்ந்தெடுத்த பழைய பாட்டு மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஓங்கும். ஓங்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை மாற்ற வேண்டும். அதற்குக் காலால் அழுத்தும் பலகை ஒன்று இருக்கிறது. பலகையையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைப்பதுதான் மிடி கேபிள். அதில் பாட்டு போவதில்லை, 'இப்போது மாற்று' என்ற கட்டளை மட்டுமே போகிறது. ஆகவே தங்க முலாம் பூசியது, ஒலி துல்லியமாக வரும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

என்னிடம் மூன்று கேபிள்கள் இருந்தன. ஆம்ப்ளிஃபயரோடு வந்தது மூன்று மீட்டர், ஏழு பின் உள்ளது. இணையத்தில் 640 ரூபாய்க்கு வாங்கியது பத்து மீட்டர், ஐந்து பின் உள்ளது. மூன்றாவது, பழைய டேப் ரெக்கார்டரின் ஐந்து பின் கேபிள். பார்க்க மிடி கேபிள் போலவே இருந்தாலும் உள்ளே கம்பிகளின் இணைப்பு வேறு, வேலை செய்யாது. புறப்படும் முன் எல்லாவற்றையும் வீட்டில் சோதித்தேன். முதல் இரண்டும் நன்றாக வேலை செய்தன. தேவையற்ற சுமை என்று பட்ட பொருள்களை மேசையிலேயே விட்டேன்.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பேருந்துகள் குறைவு, அவற்றில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவதும் சிரமம். போக வர 2,400 ரூபாய்க்கு ஜீப் பேசினேன். பிற்பகல் இரண்டு மணிக்கு நானும் மனைவி கமலாவும் கிளம்பினோம்.

"இன்னா சார் இது, கல்லு மாரி கனக்குது?" என்றார் ஓட்டுநர் ரவி.

"ஆம்ப்ளிஃபயர். கிடார் சத்தம் இதிலேதான் வரும்."

"அப்போ அந்தப் பையில கீறது?"

"அதுதான் கிடார்."

"சத்தம் வர்றது ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணா?" என்றவர் கமலாவைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வூட்ல ரெண்டும் ஒரே ஆளுதாம்மா."

கமலா சிரித்தாள். நான் மடியில் இருந்த கேபிள் பையை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். ஏற்றம் முழுக்க வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளவும். மூன்றரை மணிக்கு ஊரை அடைந்தோம்.

மேடை கோயில் வாசலில் போடப்பட்டிருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று, அதற்குள் செருப்பு போடக்கூடாது. கழற்றிவிட்டு, ரவியும் நானும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா கோட்டருகே நின்றார். கறுப்புப் பெட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தோலுங்களா?"

"இல்லைங்க. தோல் மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கக்கூடாது. தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கேட்டவுடன் நானும் தடவிப் பார்த்தேன். தோல் போலவே இருந்தது.

"பெரும்பாலும் பிளாஸ்டிக்தாங்க" என்றேன்.

"பெரும்பாலும்னா கோட்டுக்கு வெளியவே இருக்கட்டும். சாமி வாசல் பாருங்க."

"மேளம் மட்டும் இன்னா ரப்பர்லயா பண்ணாங்க?" என்று கமலா என் காதில் கேட்டாள். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"மேளம் சாமிக்கு அடிக்கிறதும்மா. இது யாருக்கு?"

பெட்டி கோட்டுக்கு வெளியே புளிய மரத்தடிக்குப் போனது. அங்கிருந்து மேடை எட்டு மீட்டருக்கு மேல். கிடார் கேபிள் நீளமானது, எட்டிவிட்டது. ஏழு பின் கேபிள் எட்டாது. பத்து மீட்டர் கேபிளை விரித்துச் செருகினேன். பலகையில் விளக்கு எரியவில்லை.

பலகையைப் பெட்டியருகே கொண்டுபோய் ஏழு பின் கேபிளில் மாட்டினேன். எரிந்தது. பத்து மீட்டர் கேபிளை மாட்டினேன். அணைந்தது. முனைகளை மாற்றிச் செருகினேன், பின்களைத் துணியால் துடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நேற்று என் கண் முன்னால் வேலை செய்த கேபிள் அது. ஜீப்பில் மடங்கியிருக்குமோ, விலை குறைவாகப் பார்த்து வாங்கினேனோ என்று வரிசையாகச் சந்தேகங்கள். உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாங்க, அந்தப் பலகை இல்லாட்டி மாத்தவே முடியாதா?" என்றாள் கமலா.

"பெட்டியிலேயே ஒரு பட்டன் இருக்கு. ஆனா நான் மேடையிலதானே இருப்பேன்?"

"நான் இங்க இருப்பேன் இல்ல? தலையாட்டுங்க, அமுக்கறேன்."

தலையாட்டல் சரிப்படாது. நான் வாசிக்கும்போது தலை தானாக ஆடும். வலது காலைத் தூக்குவது என்று முடிவானது. ஒரே ஒரு முறை ஒத்திகை பார்த்தோம்.

ஏழு மணிக்கு என்னை அழைத்தார்கள். வெறுங்காலோடு நின்றேன். முன்வரிசையில் கல்லூரி நண்பர்கள். மெதுவான பகுதி ஓரளவு ஒழுங்காகப் போனது. ஓங்கும் இடத்துக்கு இன்னும் ஒரு வரி இருந்தபோது ஓர் எறும்பு வலது பாதத்தில் கடித்தது. காலைத் தூக்கிவிட்டேன்.

கமலா அமுக்கிவிட்டாள்.

மென்மையாக வாசித்துக்கொண்டிருந்த வரி புளிய மரத்தடியிலிருந்து முழங்கிக்கொண்டு வந்தது. நிறுத்தத் தோன்றியது. ஆனால் எப்படி நிறுத்துவது என்று நான் பயிற்சி செய்திருக்கவில்லை. அதனால் வாசித்துக்கொண்டே போனேன். முடித்தபோது விசில் சத்தம். நண்பர்கள் கைதட்டினார்கள். இரக்கப்பட்டுத் தட்டுகிறார்களோ என்று உற்றுப் பார்த்தேன், தெரியவில்லை. பெரியப்பா அருகில் வந்து, "இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார்.

இரண்டாம் முறை எறும்பு கடிக்கவில்லை. சரியான இடத்தில் காலைத் தூக்கினேன்.

"மொதல்ல வாசிச்சதுதான் சார் நல்லாருந்துச்சு" என்றார் ரவி, மறுநாள் இறங்கும் வழியில். ஏன் என்று கேட்டேன். "அது தெரியாது சார். தூக்கிவாரிப் போட்டுச்சு."

வீடு வந்ததும் பத்து மீட்டர் கேபிளைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். மேசையில் பலகைக்குத் தனியாக மின்சாரம் தரும் அடாப்டர் கிடந்தது. ஏழு பின் கேபிளில் கூடுதலாக உள்ள இரண்டு கம்பிகள்தான் பலகைக்கு மின்சாரம் கொண்டுபோகின்றன, ஆகவே அடாப்டர் சுமை என்று விட்டுப்போயிருந்தேன். ஐந்து பின் கேபிளில் அந்தக் கம்பிகள் இல்லை. வீட்டில் சோதித்த அன்று அடாப்டர் மாட்டியிருந்தது. இப்போது மாட்டினேன். விளக்கு எரிந்தது.

"அப்போ அந்த ஒயர் நல்லதுதானா?" என்றாள் கமலா.

"நல்லதுதான்."

"பாவம், வழியெல்லாம் திட்டிக்கினு வந்தீங்க."

வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் பலகை கேபிள் வழியாக மின்சாரம் எடுக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எடுத்தால் ஏழு பின் கேபிளையே வேண்டிய நீளத்தில் வாங்குங்கள், அல்லது அடாப்டரை மறக்காதீர்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் வேண்டாம். கழற்றும்போது முனையைப் பிடித்து இழுங்கள், கம்பியை அல்ல. மேடையில் எந்த ஏற்பாடோ அதே ஏற்பாட்டில் வீட்டில் சோதியுங்கள். நான் சோதித்தது வேறு, கொண்டுபோனது வேறு. பெட்டியின் உறை தோலா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நான் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

இப்போதும் தினமும் வாசிக்கிறேன். கதவைச் சாத்துவதில்லை. பலகை ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அந்த இடம் வரும்போது ஒரு வரி முன்னதாகவே கால் அழுத்திவிடுகிறது. அது தவறா என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டால், "அப்படியே வுடுங்க" என்கிறாள் கமலா.